மூவாரில் அலமாரியைப் பெண் கேட்ட கதை

சொந்த வீடு வாங்கியவர்களுக்கு முதல் வருடத்தில் ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும். சிலருக்கு மீன்தொட்டி. சிலருக்கு வாசலில் செயற்கை நீர்வீழ்ச்சி. என் சித்தப்பா ஒருவர் வரவேற்பறையில் மதுக்கூடம் மாதிரி ஒரு மேடை கட்டி, உயரமான முக்காலிகளும் போட்டார். (அவர் வாழ்நாளில் மைலோவைவிட வீரியமான எதையும் குடித்ததில்லை.) எனக்குப் பிடித்தது பழைய சாமான் கிறுக்கு.

ஜொகூர் பாருவை (எங்கள் பேச்சில் ஜேபி) ஒட்டிய ஸ்கூடாயில் நானும் என் வீட்டுக்காரர் குணாவும் வீடு வாங்கிக் குடிபோன புதிது. என்னோடு வேலை பார்த்த ஒருத்தியின் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தோம். அவள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பழைய அலமாரி ஒன்று, மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில், சும்மா நின்றுகொண்டிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் வீட்டுச் சாமான்கள் எல்லாம் அட்டைப்பெட்டியில் வந்து, ஆணி முடுக்கி நாங்களே நிறுத்தியவை. அவற்றின் முன்னால் நின்று யாரும் படம் எடுக்கப் போவதில்லை.

பாலோவில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, பழைய சாமான் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன்.

"பழைய சாமானா? எஸ்டேட்ட விட்டு வர்றப்ப அதையெல்லாம் தூக்கிப் போடறதுக்கு உங்கப்பாவோட எவ்வளவு சண்டை போட்டேன்னு தெரியுமா? இப்ப நீ காசு குடுத்து வாங்கப் போறியா?" என்றார் அம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "குணாகிட்ட ஏதும் பிரச்சனையா?" என்று கேட்டார்.

குணா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். விடியும் முன்னே பாலம் தாண்டி, இருட்டிய பிறகு திரும்பும் கூட்டத்தில் ஒருவர். லீவு நாள் என்றால் அவருக்குப் படுக்கைதான் உலகம். அவரைக் கிளப்பி மூவார் வரை கொண்டுபோக ஒரே வழிதான் இருந்தது. அங்கே பழைய புத்தகக் கடை ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

நான் உடுத்தியதையும் சொல்லியாக வேண்டும். பழைய பொருள் வாங்கப் போகிறவர்கள் பார்த்தாலே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடைக்காரர்கள் மதிக்கமாட்டார்கள் என்று யாரோ ஒரு பெண்மணி காணொளியில் சொல்லியிருந்தார். அதனால் தீபாவளிக்குக் கட்டிய கைத்தறிப் புடவை, கறுப்பு மணி மாலை, கொண்டை. குணாவையும் பூ அச்சுப் போட்ட பத்தேக் சட்டை போடவைத்தேன். "பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கு," என்றார் அவர், சட்டைப் பித்தானைப் போட்டபடி. நான் காதில் வாங்கவில்லை.

மூவார் ஆற்றோரத்துப் பழைய தெருக்களில் ஒன்றில் அந்தக் கடைகள் இருந்தன. வரிசையாக மாடி வைத்த கடைவீடுகள், முன்னால் அஞ்சடி நடைபாதை. முதலில் கைவினைப் பொருள் விற்கிற ஒரு கடைக்குள் போனோம். பழைய சாரோங் கைலியைக் கத்தரித்துத் தைத்த பை ஒன்றும், எலுமிச்சைப் புல் வாசம் அடிக்கிற சோப்பு ஒன்றும் வாங்கினேன். அந்தப் பையின் விலையை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

அடுத்தது புத்தகக் கடை. குணா உள்ளே போனார், காணாமல் போனார். தரையிலிருந்து கூரைவரை புத்தகங்கள். மலாய், சீனம், ஆங்கிலம், மூலையில் ஒரு கட்டு தமிழ். கடைக்காரர் வயதான சீனர், மூக்கின் நுனியில் கண்ணாடி. கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் அவரிடம் பழைய சாமான் கடைக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தது. நானும் கூட நின்று கேட்டுக்கொண்டேன்.

"இதே வரிசைதான். கடைசிக்கு முந்தின கதவு. பலகை கிடையாது. கதவு திறந்திருந்தா நேரா உள்ள போயிடலாம்," என்று மலாயில் சொல்லி, கையில் புத்தகங்கள் இருந்ததால் முகவாயை நீட்டித் திசை காட்டினார்.

முகவாயால் காட்டும் திசையில் ஒரு சிக்கல் இருக்கிறது. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். அவர் காட்டியது வலது பக்கம். நான் புரிந்துகொண்டது இடது பக்கம். கோலாலம்பூர்க் குடும்பம் இன்னும் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தது. அவர்கள் முந்திக்கொண்டு நல்ல அலமாரியைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்களே என்ற பதைப்பில் குணாவின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன்.

இடது பக்கமும் கடைசிக்கு முந்தின கதவு இருந்தது. அதிலும் பலகை இல்லை. அதுவும் திறந்திருந்தது.

அது கடை இல்லை, வீடு. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் மகளும் இருந்த வீடு. அன்று மகள் தர்ஷினியைப் பெண் பார்க்கச் சாஆ என்ற ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை பிரகாஷுக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்தது அக்கா மல்லிகா. அந்த அக்கா கல்யாணம் ஆகி ஜேபியில் இருக்கிறார், அவர் சொல்வதுதான் முடிவு, அவரும் அவர் வீட்டுக்காரரும் தனியாகக் காரில் வந்தாலும் வருவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். பெற்றவர்கள் அவரைப் பார்த்ததே இல்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். உங்களுக்கு இப்போதே சொல்லிவிட்டேன். எனக்குக் கிடைக்காத சலுகை.

வாசலில் ஒரு தட்டில் சந்தனம், குங்குமம், கற்கண்டு. 'என்ன ஒரு ரசனை!' என்று நினைத்தேன். உள்ளே மெருகு போட்ட ரோத்தான் பிரம்பு நாற்காலிகள், சலவைக்கல் பதித்த மேசை, அதன்மேல் பழத்தட்டு, பூ வைத்த பித்தளைச் செம்பு. சுவரில் பழைய மணிக்கூடு. ஓரத்தில் காலால் மிதிக்கும் தையல் மெஷின். நடுச்சுவரை அடைத்துக்கொண்டு, என் தோழி வீட்டு அலமாரி வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும்படி ஒரு கண்ணாடி அலமாரி. எதிலும் விலைச் சீட்டு இல்லை. விலைச் சீட்டு ஒட்டாத கடைதான் உயர்ந்த கடை என்பதும் அந்தக் காணொளிப் பெண்மணி சொன்னதுதான்.

வாசலில் செருப்பைக் கழற்றியபோதே ஓர் அம்மா பட்டுப்புடவையில் விரைந்து வந்தார்.

"வாங்க, வாங்க! ஜேபியிலேருந்தா வர்றீங்க?"

"ஆமாங்க," என்றேன். என் தோற்றத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாரே என்று பெருமையாகக்கூட இருந்தது.

"வழி சரியாத் தெரிஞ்சிச்சா?"

"புத்தகக் கடையில சொன்னாங்க."

"புத்தகக் கடையிலயா?" என்று ஒரு கணம் விழித்தவர், "மத்தவங்க எல்லாம்?" என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

"அவங்க இன்னும் புத்தகம் பாத்துக்கிட்டு இருக்காங்க. பின்னாடியே வந்துடுவாங்க," என்றார் குணா, கோலாலம்பூர்க் குடும்பத்தை நினைத்து.

உட்காரவைத்தார்கள். அந்த வீட்டு ஐயா, வெள்ளை வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக, எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அதிகம் பேசாத மனிதர். தேநீர் வந்தது, கேசரி வந்தது, முறுக்கு வந்தது. குணா என் காதருகே குனிந்து, "இது எல்லாருக்கும் குடுப்பாங்களா, இல்ல வாங்குனாத்தானா?" என்றார். "சும்மா சாப்பிடுங்க, இதெல்லாம் இப்ப இப்படித்தான்," என்றேன், நாளும் இப்படிப்பட்ட இடங்களுக்குப் போய் வருகிறவளைப் போல.

அந்த அம்மா எதிரில் உட்கார்ந்து, "தர்ஷினியக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டார்.

தர்ஷினி என்பவர் கடையின் விற்பனைப் பெண், விலை பேசுகிறவர் என்று நான் எடுத்துக்கொண்டேன். முதலிலேயே விலைக்குப் போகக்கூடாது. (காணொளி.)

"அவங்க மெதுவா வரட்டும். முதல்ல சாமான்களப் பாத்துடறோம்," என்றேன்.

ஐயா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் மட்டும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த அம்மா ஒரு நொடி தயங்கிவிட்டு, "பாருங்க, பாருங்க. உங்க வீடு மாதிரி நினைச்சுக்குங்க," என்றார்.

நான் எழுந்தேன். பிறகு நான் செய்தவற்றைக் குணா பலமுறை பலபேருக்கு நடித்தே காட்டியிருக்கிறார். ஒரு ரோத்தான் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பார்த்தேன். மேசையை விரல் மடக்கித் தட்டிக் காதை வைத்துக் கேட்டேன். (என்ன கேட்கும் என்று எதிர்பார்த்தேன் என்பது எனக்கே தெரியாது.) தையல் மெஷினின் இழுப்பறையை இழுத்தேன், உள்ளே நூல்கண்டுகளும் ஒரு மாத்திரை அட்டையும் இருந்தன. மாத்திரை அட்டை எந்தக் கடையிலும் இருக்காது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. மணிக்கூட்டைப் பார்த்து, "ஓடுதா, இல்ல சும்மா மாட்டி வச்சிருக்கீங்களா?" என்றேன்.

"ஓடுதும்மா," என்றார் ஐயா.

அலமாரிக்கு வந்தேன். கதவைத் திறந்து மூடினேன். விரல் நகத்தால் விளிம்பைச் சுரண்டினேன். "கரையான் கிரையான் இருக்கா?" என்றேன்.

"ஐயோ, இல்லம்மா!" என்றார் அந்த அம்மா, அவசரமாக அலமாரிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்று.

"ரொம்பப் புடிச்சிருக்கு. இத நாங்க எடுத்துக்கலாமா?"

அந்த அம்மா கணவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். "எடுத்துக்குங்க. அவளுக்குத்தானே எல்லாம்."

இந்த 'அவளுக்கு' என்பது எனக்குத்தான் என்று நினைத்தேன். சில கடைக்காரர்கள் வாடிக்கையாளர்களை அவள் இவள் என்று பாசமாகச் சொல்வதுண்டு.

"அந்த மேசை?"

"அதையும் எடுத்துக்குங்க."

"நாலு நாற்காலியும் சேத்தா?"

"சேத்துத்தான்."

என் வாழ்க்கையில் இப்படி ஒரு கடையை நான் பார்த்ததில்லை. கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. நாக்கு நுனியில் விலை முட்டிக்கொண்டு நின்றது. "அப்ப எல்லாத்துக்கும் எவ்வளவுன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"உங்ககிட்ட போயி விலை பேசறதா? எல்லாம் ஒரே குடும்பமா ஆகப் போறோம்," என்றார் அந்த அம்மா.

உருகிப்போனேன். "வீட்டுக்குக் கொண்டுவந்து சேத்துடுவீங்கல்ல?"

"அது எங்க பொறுப்புதானே."

"இந்த மாசமே கிடைச்சா நல்லாருக்கும்."

"இந்த மாசமேவா?" என்று அந்த அம்மா திகைத்தார். "நாள் பாக்க வேணாமா?"

"நாளெல்லாம் நாங்க பாக்க மாட்டோம். லாரி கிடைச்சாப் போதும்," என்றேன்.

இதற்குள் குணா சுவரோரம் இருந்த புத்தக அலமாரியைக் கண்டுபிடித்துவிட்டார். தடித்த அட்டை போட்ட பழைய தமிழ்ப் புத்தகங்கள், வரிசை குலையாமல், ஒவ்வொன்றும் காகித உறை போட்டு. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். அது அவருடைய வழக்கம். நல்ல மீன் வாங்குகிறவர்போல முகர்வார். அதுவரை 'விலை கேளு, விலை கேளு' என்று எனக்குக் கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டிருந்த மனிதர், புத்தகத்தைப் பார்த்ததும் என்னைவிட மோசமாகிவிட்டார்.

"இந்தப் புத்தகங்கள மொத்தமா எடுத்துக்கறோம்," என்றார். "அலமாரியோட சேத்துக் குடுத்துடுங்க."

ஐயா எழுந்துவிட்டார்.

"புத்தகத்த வைங்க," என்றார்.

"இல்லங்க, நான் பத்திரமாத்தான்..."

"வைங்க தம்பி. இங்க பாருங்கம்மா. வரதட்சணை, சீர் எதுவும் பேசக்கூடாதுன்னு தரகர்கிட்ட மொதல்லயே சொல்லித்தான் அனுப்பினேன். சரின்னுதானே வந்தீங்க? வந்து உக்காந்ததும் பொண்ணப் பாக்கறேன்னு ஒரு வார்த்தை இல்ல. நாற்காலியக் கவுத்துப் பாக்கறீங்க. கரையான் கேக்கறீங்க. இப்ப நான் படிக்கிற புத்தகம்கூட உங்களுக்கு வேணுமா?"

'வரதட்சணை' என்ற சொல்லைப் பழைய சாமான் கடையில் எந்த இடத்தில் பொருத்துவது என்று என் மூளை தேடிக்கொண்டிருந்தது.

"என்னங்க, நீங்க சும்மா இருங்க. நல்ல காரியம் பேசறப்ப..." என்று அந்த அம்மா கணவரின் கையைப் பிடித்தார். சிரித்துக்கொண்டேதான் பிடித்தார். ஆனால் பிடித்த கையை விடவே இல்லை. வந்ததிலிருந்து அவர் சிரித்துக்கொண்டேதான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தார். அது வியாபாரச் சிரிப்பு என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பயத்தில் சிரிக்கும் சிரிப்பு எப்படி இருக்கும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது.

மாடிப்படியில் மரம் கிறீச்சிட்டது. நீலப் பட்டில் ஒரு பெண், காதில் போனை வைத்தபடி இறங்கி வந்தார். பாதிப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று பிறகு சொன்னார்கள். எங்களை அவர் பார்க்கக்கூட இல்லை.

"ஹலோ, பிரகாஷா? நான் தர்ஷினி பேசறேன். உங்க அக்கா எங்க வீட்டு அலமாரியக் கேக்கறாங்க, மேசையக் கேக்கறாங்க, நாற்காலியக் கேக்கறாங்க. என்னைத் தவிர எல்லாத்தையும் கேட்டாச்சு. அலமாரி நல்லா இருக்காம், கரையான் இல்லையாம். நீங்க அதையே கட்டிக்குங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

"ஐயோ, தர்ஷினி!" என்று அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

போனின் மறுமுனையில் பேச்சே இல்லை. அந்தக் கூடத்தில் மணிக்கூடு ஓடுவது நன்றாகக் கேட்டது. (ஓடத்தான் செய்கிறது.) தர்ஷினி போனைக் காதிலிருந்து எடுத்து, ஒலியைக் கூட்டி எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"என்ன, பதிலக் காணோம்?"

ஓர் ஆண் குரல், குழப்பமாக வந்தது. "எங்கக்கா இங்க என் பக்கத்துல காடியிலதான் இருக்காங்க. நாங்க இன்னும் வரவே இல்ல. மூவார் பாலத்துக்கிட்ட ஜாம்ல நிக்கறோம்."

'அலமாக்' என்று மலாயில் மனதுக்குள் ஐயோ சொல்லிக்கொண்டேன். வாய்விட்டும் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது, ஏனென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

"அப்ப நீங்க யாரு?" என்றார் ஐயா.

நான் குணாவைப் பார்த்தேன். குணா கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"நாங்க சாமான் வாங்க வந்தோம்," என்றார் குணா.

"எங்க வீட்லயா?"

விளக்கினோம். புத்தகக் கடை, முகவாய், கடைசிக்கு முந்தின கதவு, எல்லாவற்றையும் நான் ஒரு பக்கமும் குணா ஒரு பக்கமுமாகச் சொன்னோம். கேட்கக் கேட்க ஐயாவின் முகம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தவித்தது. தர்ஷினி படியிலேயே உட்கார்ந்து முகத்தைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள்கள் குலுங்கியதைப் பார்த்தால் வேறு மாதிரியும் தெரிந்தது.

நான் புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, நாங்க கிளம்பறோம்," என்று வாசலை நோக்கி நகர்ந்தேன்.

"எங்க கிளம்பறீங்க?" என்று ஐயா குறுக்கே வந்தார். "அவங்க இப்ப வந்து நிப்பாங்க. அந்த அம்மா மேல இல்லாத பழி போட்டாச்சு. 'யாரோ ரெண்டு பேரு வந்து அலமாரி கேட்டாங்க, இப்பத்தான் போனாங்க'ன்னு நான் சொன்னா நம்புவாங்களா? நீங்களே இருந்து உங்க வாயால சொல்லிட்டுப் போங்க."

நியாயமாகத்தான் இருந்தது. உட்கார்ந்தேன். கேசரிக் கிண்ணத்தை யாரோ மறுபடி என் கையில் கொடுத்தார்கள். பள்ளியில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கும்போதுகூட எனக்கு அவ்வளவு வியர்த்ததில்லை, அப்போது கையில் கேசரியும் இருந்ததில்லை.

காத்திருந்த நேரத்தில் அந்த அம்மா உள்ளே தண்ணீர் எடுக்கப் போனார். நான் பின்னாலேயே போய்ச் சமையலறையில் நின்று, "அம்மா, என்னை மன்னிச்சிடுங்க," என்றேன்.

அவர் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "உங்க மேல தப்பு இல்லம்மா. நீங்க கடைன்னு கேட்டீங்க. நான் என்ன நினைச்சுக்கிட்டுக் குடுத்தேன்? இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் வந்து தட்டிப் போச்சு. இதுவும் போயிடக்கூடாதேன்னு கேக்கறதையெல்லாம் தூக்கிக் குடுத்தேன். அவரு மூஞ்சியத் திரும்பிக்கூடப் பாக்கல. நல்லவேளை, நீங்க நிஜமான ஆளா இல்லாமப் போனீங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அலமாரிக்குப் பின்பக்கம் ரெண்டு பலகை உளுத்துப் போச்சு. நீங்க நகத்தால சொரண்டினப்ப எனக்கு உசுரே இல்ல. பின்னாடி பாத்துடாதீங்கன்னு முருகன வேண்டிக்கிட்டேன்," என்றார். அந்தச் சமையலறையில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

முதலில் வந்தது பிரகாஷ். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், பேயறைந்த முகம். அடுத்து ஒரு மாமா. கடைசியில் மல்லிகா. குள்ளமான, திடமான பெண்மணி. தொழிற்சாலையில் கண்காணிப்பு வேலை பார்த்துப் பழகிய கண்கள், வந்த வேகத்தில் கூடத்தில் இருந்த எல்லாரையும் எண்ணி முடித்துவிட்டன. வரவேற்ற யாருக்கும் பதில் சொல்லவில்லை. சந்தனத்தைத் தொடவில்லை.

"எங்க அவங்க?" என்றார்.

"யாரு?" என்றார் ஐயா.

"நான்."

கேசரிக் கிண்ணத்தோடு எழுந்து நின்றேன். அவர் என்னைக் கொண்டையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"நீங்கதான் நானா?"

"ஆமாங்க," என்றேன். அதைவிடப் பொருத்தமான பதில் இன்றுவரை தோன்றவில்லை.

"என்னென்ன கேட்டேன்?"

ஒப்பிக்கத் தொடங்கினேன். அலமாரி, மேசை, நாற்காலிகள். "புத்தகம் நான் கேட்டேன்," என்று குணா குற்றவுணர்ச்சியோடு கையைத் தூக்கினார். மல்லிகா ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்த்தார். அலமாரியை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு தர்ஷினி பக்கம் திரும்பினார்.

"போன்ல பேசினது நீதானே?"

"ஆமா," என்றார் தர்ஷினி. எழுந்து நின்றார். "உங்களத் தப்பா நினைச்சதுக்கு மன்னிச்சுக்குங்க. ஆனா அப்படிக் கேட்டது நீங்களா இருந்திருந்தா நான் சொன்னது சொன்னதுதான்."

பெற்றவர்கள் இருவரும் மல்லிகாவின் முகத்தையே பார்த்தார்கள். நானும்தான்; அந்த வீட்டுக் கல்யாணம் அந்த நிமிடத்தில் என் சொந்த விஷயம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. என்னால் ஒரு பெண்ணின் வாழ்க்கை தடம் மாறிவிட்டால், அதற்குப் பிறகு எந்த அலமாரியின் முன்னால் நின்று நான் படம் எடுத்துக்கொள்வது?

மல்லிகா தம்பியைப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா? நீ வாயில்லாத பிள்ளை. கடையில மீதிச் சில்லறை கம்மியாக் குடுத்தாக்கூட திருப்பிக் கேக்க மாட்ட. எனக்கப்புறம் உனக்காகப் பேசறதுக்கு ஒரு ஆளு வேணுமேன்னுதான் நான் இவ்வளவு நாளா கவலைப்பட்டேன்." பிறகு ஐயாவிடம் திரும்பி, "சாமானெல்லாம் நீங்களே வச்சுக்குங்கண்ணே. எங்க வீட்ல இருக்கறதையே எங்க தள்றதுன்னு தெரியல," என்றார். வாசல் வரை திரும்பிப் போய், சந்தனத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, புதிதாக வருகிறவர்போல மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்தார்.

பிரகாஷ் அப்போதுதான் முதன்முறையாக வாயைத் திறந்தார். "எனக்கு அந்த அலமாரி வேணாங்க," என்றார், தர்ஷினியைப் பார்த்து. சொன்னவரின் காது இரண்டும் சிவந்துவிட்டன. தர்ஷினி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார்.

நாங்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அந்த அம்மா பிடிவாதமாக இருந்தார். சாப்பிட்டோம். சாப்பிடும்போது ஐயா குணாவிடம் தன் புத்தகங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து, முடிக்கவே இல்லை. திரும்பும் வழியில் வரிசையின் மறுகோடிக்குப் போய்ப் பார்த்தோம். உண்மையான பழைய சாமான் கடை பூட்டியிருந்தது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தமாதிரி தெரிந்தது.

கல்யாணம் மூவாரிலேயே நடந்தது. எங்களுக்கு இரண்டு பத்திரிகைகள் வந்தன. பெண் வீட்டிலிருந்து ஒன்று, மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒன்று. மண்டபத்தில் எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். மல்லிகா வந்து என் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். உட்காருவதற்கு முன்னால், "கவுத்துப் பாக்கணுமா?" என்று கேட்டார்.

என் கிறுக்கு அதோடு தெளிந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றும் ஆணி முடுக்கிய அலமாரிதான் நிற்கிறது. ஒரு கதவு சரியாகச் சாத்தாது. யாருடைய வீட்டுக்குப் போனாலும் குணா வாசலிலேயே நிறுத்தி, "இது வீடு," என்று எனக்கு நினைவூட்டுகிறார். அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கவலையாக, "அந்த நாற்காலிய நேரா நிமித்தி வச்சிட்டுத்தானே வந்த?" என்றார்.

போன மாதம் தர்ஷினியின் குழந்தைக்குப் பிறந்தநாள். வீடு நிறையக் கூட்டம். புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுப் பெண், என்னைக் காட்டி, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று தர்ஷினியிடம் கேட்டார்.

"நாத்தனார்," என்றார் தர்ஷினி, கேக்கை வெட்டியபடியே.

அந்தப் பெண் குழம்பிப்போய், பக்கத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த மல்லிகாவைப் பார்த்தார். "அப்ப இவங்க?"

மல்லிகா தலை நிமிரவில்லை. "நானும் நாத்தனார்தான். இவங்க எனக்கு முன்னாடி இருந்தவங்க."